மலைப்பாதையின் உரிமை: கீழ்ப்பழனிப் பளியரும் வழிகாட்டியுடன் செல்லும் வன நடையும்

1. கேள்வி

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூருக்கு மேற்கே சமவெளி முடிந்து கீழ்ப்பழனி மலை எழுகிறது. அடிவாரத்தில் காமராஜர் அணை. மேலே ஆடலூர், பன்றிமலை, இன்னும் தள்ளித் தாண்டிக்குடி. இந்தச் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் குடகனாறாகத் திரண்டு அமராவதியில் சேர்கின்றன. திண்டுக்கல் நகரத்துக்கான குடிநீரில் ஒரு பங்கும் இந்த அணையிலிருந்தே போகிறது. காப்பி, மிளகு, மலைவாழைத் தோட்டங்களின் ஓரத்திலும் அவற்றை அடுத்த காட்டிலும் பளியர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வாக்கு எண்ணிக்கையில் இவர்களுடைய குரல் கேட்காமல் போவதற்கு அது ஒன்றே போதும்.

காட்டைப் பார்க்க வருகிறவரை உள்ளூர்ப் பழங்குடியினர் ஒருவர் நடத்திக் கூட்டிச் செல்லும் ஏற்பாடு இன்று உலகெங்கும் சுற்றுலாவின் மதிப்புமிக்க வடிவமாகிவிட்டது. கென்யாவிலும் தான்சானியாவிலும் மசாய் மக்களின் நிலத்தில் நடக்கும் நடைப்பயணங்கள் இதற்குப் பெயர்போனவை. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையவழிப் பதிவும் கட்டணமும் வகுத்து, காட்டோரக் கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறது. சீருடையும் அடையாள அட்டையும் முதலுதவிப் பயிற்சியும் கிடைத்திருப்பது வரவேற்கத்தக்கதே. இக்கட்டுரை எழுப்பும் கேள்வி அதற்கு ஒரு படி முந்தியது: வழிகாட்டி நடக்கும் பாதையின் மீது அவருடைய சமூகத்துக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த உரிமை இல்லாத இடத்தில் வழிகாட்டும் வேலை, காப்பித் தோட்டக் கூலிக்குப் பக்கத்தில் இன்னொரு கூலியாகவே நிற்கும் என்பது என் வாதம். மலையேறுபவரின் பாதுகாப்பும்கூட அந்த உரிமையோடு பிணைந்தது என்பதையும் காட்ட முயல்கிறேன்.

2. மசாய் நிலம் சொல்லும் பாடம்

மசாய் மக்களின் வரலாற்றைச் சுற்றுலாக் கையேடுகள் வழியாக அறிந்தவர்களுக்குச் சிவப்புப் போர்வையும் ஈட்டியும்தான் நினைவில் இருக்கும். நிலத்தின் வரலாறு வேறு. பிரிட்டிஷ் ஆட்சி 1904இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை இரண்டு ஒதுக்குநிலங்களுக்குள் அடைத்தது. வடக்கே லைக்கிப்பியாவில் தரப்பட்ட நிலமும் 1911ஆம் ஆண்டின் இரண்டாம் ஒப்பந்தத்தால் பறிபோனது. அதை எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கு 1913இல் தள்ளுபடியானது. தான்சானியாவில் செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து 1959இல் வெளியேற்றப்பட்டவர்களுக்கு கொரொங்கொரோ பகுதியில் விலங்குகளோடு சேர்ந்து வாழும் உரிமை வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்குறுதியும் இன்று தேய்ந்துவிட்டது. 2022 ஜூனில் லொலியொண்டோவில் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து ஒதுக்க அரசு எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்து, மசாய் குடும்பங்கள் கென்ய எல்லையைக் கடந்து ஓடின.

இந்தப் பின்னணியில் கென்யாவின் மாரா பகுதியில் நடந்தது கவனிக்க வேண்டியது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குழு மேய்ச்சல் பண்ணைகளாகப் பதிவான மசாய் நிலங்கள் பின்னர் குடும்பங்களுக்குத் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. பிரிக்கப்பட்ட துண்டுகளை நிலவுடைமையாளர்கள் மீண்டும் ஒன்றுசேர்த்துச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு, அந்த நிலத்தைக் காட்டுயிர்க் காப்பகமாக்கினர். 2006இல் ஒலாரெ ஒரோக், 2010இல் சுமார் 500 நிலவுடைமையாளர்களின் நபொய்ஷோ என இவை பெருகின. குத்தகைப் பணம் பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. நிலப்பரப்பைக் கணக்கிட்டு ஒப்பந்தப்படி வருகிறது. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மசாய் மாரா தேசியக் காப்பகத்துக்குள் பயணி வண்டியை விட்டு இறங்கி நடக்க அனுமதி இல்லை. மசாய் நிலத்தில் அமைந்த சமூகக் காப்பகங்களில் நடக்கலாம். வழிகாட்டியோடு நடக்கும் பயணம் என்கிற அந்தப் புகழ்பெற்ற அனுபவமே நிலம் யாருடையது என்பதிலிருந்து பிறந்தது. சுற்றுலா எழுத்துகள் வழிகாட்டியின் கண்கூர்மையைப் பாராட்டும் அளவுக்கு இந்த உண்மையைப் பேசுவதில்லை.

மாரா மாதிரியைக் குறையற்றது என்று கொண்டாடவும் முடியாது. குத்தகை பட்டாதாரருக்கே போகிறது. பட்டாதாரர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நிலம் பிரிக்கப்பட்டபோது விடுபட்டவர்களுக்கு அதில் பங்கில்லை. காப்பகத்துக்குள் மாடு மேய்க்கும் நாட்களும் இடங்களும் கட்டுப்படுத்தப்படுவதால் மந்தையை மட்டும் நம்பிய குடும்பம் தவிக்கிறது. 2020இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் நின்றபோது, ஒப்பந்தத்தில் எழுதிய குத்தகையும் ஆட்டம் கண்டது. இதற்கு மாறான வழி ஒன்றும் மசாய் நாட்டிலேயே உண்டு. லொய்ட்டா மலையின் நைமினா எங்கியோ காட்டை மசாய்கள் புனிதமான பொதுச்சொத்தாகக் காத்து வந்தனர். 1990களில் நரோக் மாவட்ட நிர்வாகம் அதைச் சுற்றுலாக் காப்பகமாக்க முனைந்தபோது நீதிமன்றம் ஏறித் தடுத்தனர். பொதுவில் வைத்த காட்டைப் பொதுவாகவே காக்க முடியும் என்பதற்கு லொய்ட்டாவும், பிரித்த நிலம் பணத்தையும் பிளவையும் சேர்த்தே கொண்டுவரும் என்பதற்கு மாராவும் சான்று. பழனி மலைக்கு இரண்டும் பொருந்தும்.

3. பளியரைப் பற்றி எழுதப்பட்டவை

பழனி மலைப் பளியரைப் பற்றிய முதல் விரிவான கட்டுரையை 1908இல் இயேசு சபைப் பாதிரியார் டாமன் வெளியிட்டார். அடுத்த ஆண்டு தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகள் வந்தன. அக்கால எழுத்துகளில் பளியர், உலகம் தொடாமல் காட்டில் ஒதுங்கிய எச்சமாகத் தோன்றுகின்றனர். அந்தச் சித்திரம் ஏற்கத்தக்கதன்று. பழனி மலையின் கற்பதுக்கைகளைப் பற்றி 1928இல் தொல்லியல் துறை வெளியிட்ட ஆங்கிலேட், நியூட்டன் ஆய்வும், கா. ராஜன் தாண்டிக்குடியில் நடத்திய அகழாய்வும், இம்மலை நெடுங்காலமாகச் சமவெளியோடும் சேர நாட்டோடும் வணிகத்தால் இணைந்திருந்ததைக் காட்டுகின்றன. தேனும் மெழுகும் கடுக்காயும் கல்பாசியும் கீழே இறங்கின. உப்பும் துணியும் இரும்பும் மேலே ஏறின. வழி தெரிந்தவர் ஒருவர் முன்னே நடக்காமல் இந்தப் போக்குவரத்து நடந்திருக்காது. பழனி மலையில் வழிகாட்டுவது 2024இல் தோன்றிய தொழில் இல்லை.

1960களில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பளியரிடையே தங்கி ஆய்ந்த அமெரிக்க மானிடவியலர் பீட்டர் கார்ட்னர், அவர்களின் சமூக ஒழுங்கைச் சமமதிப்பு என்கிற கருத்தால் விளக்கினார். ஒருவர் மற்றவருக்கு உத்தரவிடுவதில்லை, போட்டியைத் தவிர்ப்பர், பூசல் வந்தால் வாக்குவாதம் செய்யாமல் விலகிப் போய்விடுவர். பழனி மலையிலேயே களப்பணி செய்த சுவீடிய ஆய்வாளர் கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம், 2003இல் வெளிவந்த நூலில் வேறொரு கோணத்தை முன்வைத்தார். வியாபாரி, தோட்ட முதலாளி, வனத்துறை, தொண்டு நிறுவனம் ஆகிய வெளியாரோடு பளியர் கொள்ளும் உறவுகள் தன்னாட்சியைக் காத்துக்கொள்ளும் உத்திகள் என்று அவர் வாதிட்டார். ஒரு வேலையை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் தேன், கிழங்கு, சீமார்ப் புல், தோட்டக் கூலி என மாறி மாறிச் செல்வது நிலையின்மையின் அடையாளமாக வெளியாருக்குத் தெரிகிறது. ஒரே ஆளின் பிடிக்குள் சிக்காமலிருக்கும் வழி அது.

இரண்டு விளக்கங்களில் நோர்ஸ்ட்ரோமின் விளக்கம் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது; அது பளியரை யோசித்து முடிவெடுப்பவர்களாகப் பார்க்கிறது. ஆனால் வன நடையைப் பொறுத்தவரை கார்ட்னர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. மலையேற்ற வழிகாட்டியின் வேலை நெருக்கடியான தருணத்தில் உத்தரவிடுவதுதான். ‘நில்லுங்க’, ‘பேசாதீங்க’, ‘இதுக்கு மேல போக வேணாம்’ என்று, பணம் கட்டி வந்த நகரத்துக்காரரிடம், தம்மைவிடப் படித்தவரிடம் அவர் சொல்லியாக வேண்டும். உத்தரவிடும் வழக்கமே இல்லாத சமூகத்தில் பிறந்த ஒருவர் அதை எந்த அதிகாரத்தின் பலத்தில் சொல்வார்? சட்டையில் குத்திய அட்டையின் பலத்தில் என்றால், அட்டையைக் கொடுத்தவர் மறுத்ததும் அந்தச் சொல் செல்லாமல் போகும். ‘இது எங்க கிராம சபை முடிவு’ என்று சொல்ல முடிந்தால், அந்த மறுப்பைத் தனியாளாகச் சுமக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

4. அறிவும் கூலியும்

வழிகாட்டியின் அறிவு எதனால் ஆனது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கீழ்ப்பழனிச் சரிவில் யானையும் காட்டுமாடும் தோட்டங்களுக்குள்ளேயே வந்து போகின்றன. காலையில் ஒற்றையடிப் பாதையில் முன்னே நடப்பவர், குறுக்கே கட்டிய சிலந்தி வலை அறுபடாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். அறுபடவில்லை என்றால் விடிந்ததிலிருந்து பெரிதாக எதுவும் அவ்வழியே போகவில்லை. யானை லத்தி கிடந்தால் அதன் ஈரமும் சூடும், மேலே வண்டு மொய்த்திருக்கிறதா என்பதும் நேரத்தைச் சொல்லும். ஒடித்த மூங்கில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கருமந்தி எங்கிருந்து குரல் கொடுக்கிறது, காற்று நம் முகத்துக்கு வருகிறதா முதுகுக்கு வருகிறதா என்பதெல்லாம் ஒரு நொடியில் சேர்ந்து, போகலாமா திரும்பலாமா என்கிற முடிவாகிறது. ஒரு வாரப் பயிற்சியில் வருகிற கணக்கு இல்லை இது. தேனுக்கும் கிழங்குக்கும் சிறு வயது முதல் காட்டுக்குள் போய் வந்ததில் படிந்தது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காட்டுக்குள் போய் வரும் வாழ்க்கை தொடர்ந்தால்தான் இந்த அறிவு அடுத்த தலைமுறைக்கு இறங்கும். காப்புக் காட்டில் நுழைவதையும் பொருள் சேகரிப்பதையும் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தண்டிக்கத்தக்க குற்றமாக்கியது. பழனி மலையின் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் நுழைவதும் சேகரிப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. காட்டுக்குள் தேனுக்குப் போகும் தந்தையைத் தடுத்துவிட்டு, அவர் மகனின் காட்டறிவைப் பயணிக்கு விற்கும் ஏற்பாடு ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. அதன்பின் மிஞ்சுவது மனப்பாடம் செய்த மரப்பெயர்களும் சீருடையும்தான்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தச் சிக்கலுக்கு நேரான விடையை வைத்திருக்கிறது. அதன் 3(1) பிரிவு, சிறுவன மகசூலின் மீதான உடைமையையும், சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவுமான உரிமையையும், பல்லுயிர் வளம் குறித்த மரபறிவின் மீதான சமூக உரிமையையும் தனித்தனியே பட்டியலிடுகிறது. தமிழ்நாட்டில் இச்சட்டம் மிகத் தாமதமாக நகர்ந்தது. உரிமைப் பத்திரம் வழங்குவதற்குமுன் தன் அனுமதி வேண்டும் என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையை 2016இல்தான் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அந்த எட்டு ஆண்டுகளில் வேறு மாநிலங்கள் வெகுதூரம் போய்விட்டன. மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராமம் 2009இல் சமூக வன உரிமை பெற்று, 2011 முதல் தன் மூங்கிலைத் தானே விற்றது.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. பதிவும் பாதை வகைப்பாடும் அனுமதியும் கட்டாயமாயின. காட்டுத்தீப் பருவத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. இத்தகைய பேரிழப்புக்குப் பிறகு அதிகாரத்தைக் கிராம சபைக்குப் பகிர்வது ஆபத்து என்பது எளிதாக ஒதுக்கக்கூடிய வாதமில்லை. ஆனால் குரங்கணி எதைக் காட்டியது? மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும் போதைப்புல் சரிவில் தீ எந்த வேகத்தில் ஏறும் என்பது அம்மலைவாசிகள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவரின் சொல்லுக்குப் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் எந்த ஏற்பாட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிவரை மூடுவது நல்ல தொடக்கம். மழை பொய்த்த ஆண்டில் தையிலேயே புல் காய்ந்துவிடும். அன்று காலை அந்தச் சரிவைப் பார்த்தவரே அதைச் சொல்ல முடியும். கிராம சபைக்கு மறுக்கும் அதிகாரம் தருவதால் துறையின் மேற்பார்வை குறைந்துவிடாது; பூட்டுக்கு இரண்டாவது சாவி சேரும்.

இரண்டாவது மறுப்பு: சரணாலயத்துக்குள் சமூக உரிமை சாத்தியமா? சாத்தியம் என்று சட்டமே சொல்கிறது. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் வன உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை 2011இல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்குள்ள சோளகர்களின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. சத்தியமங்கலத்துக்கு அடுத்த மலையில் முடிந்தது பழனி மலையில் முடியாது என்பதற்குக் காரணம் வேண்டும்.

மூன்றாவது மறுப்பே வலுவானது. உரிமைப் பத்திரம் எதுவும் இல்லாமலேயே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் வெற்றி கண்டதே என்பார்கள். தேக்கடியில் நடந்தது உண்மையிலேயே பெரிய காரியம். உலக வங்கி உதவியோடு 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், வயனா என்னும் காட்டு இலவங்கப்பட்டையைக் களவாக உரித்து விற்றுவந்தவர்கள் மீதான வழக்குகள் கைவிடப்பட்டன. அவர்களே 1998 முதல் காவலர்களாகவும் காட்டு நடைக்கு வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். குமுளியின் மன்னான்களும் பளியரும் தனிக் குழுவாகச் சேர்ந்து பயணிகளை நடத்திச் செல்கின்றனர். நம் மலையின் பளியருக்கு உறவுக்காரர்கள் அந்தப் பளியர். வருமானத்தின் ஒரு பகுதி குழுவின் பொது நிதிக்குப் போகிறது. பளியரால் தொழில்முறை வழிகாட்டிகளாக முடியாது, அவர்களிடம் திறனில்லை என்று முணுமுணுப்பவர்களுக்குப் பெரியாறு ஒன்றே பதில். ஆயினும் அந்த வெற்றி எதன்மேல் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். திட்டப் பணம் 2004இல் முடிந்தபோது குழுக்கள் சிதறாமலிருக்கப் பெரியாறு அறக்கட்டளை என்கிற புதிய அமைப்பு தேவைப்பட்டது; அதன் தலைமை வனத்துறையிடம் இருக்கிறது. நல்ல அதிகாரிகள் வாய்த்தது பெரியாறின் பேறு. அதிகாரி மாறும்போது மாறாத ஒன்றின்மேல் நிற்க வேண்டியது கீழ்ப்பழனி. பெரியாறின் பொது நிதி முறையையும் சோளகரின் உரிமைப் பத்திரத்தையும் ஒன்றாக்குவதற்குத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை.

சுற்றுலாவே வேண்டாம், மலையை மலையாக விடுங்கள் என்போரின் கவலை எனக்குப் புரிகிறது. கொடைக்கானலின் நெரிசலையும் குப்பையையும் பார்த்தவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? ஆனால் பயணிகள் ஏற்கெனவே வருகிறார்கள். ஆடலூர், பன்றிமலைச் சாலைகளில் வாகனமும் தங்கும் விடுதியும் கூடிக்கொண்டே போகின்றன. அந்த வரவில் பளியருக்கு எந்தப் பிடியும் இல்லை. எத்தனை பேர், எந்த மாதம், எந்தப் பாதை என்பதை முடிவு செய்யும் உரிமை கிராம சபைக்கு இருந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதனுள் அடங்கும். தேன் பருவத்தில் பாதையை மூடிவிட்டு அவர்கள் தேனுக்கே போகலாம்.

6. ஆத்தூர் மலையில் செய்ய வேண்டியது

கீழ்ப்பழனியில் வழிகாட்டியுடன் செல்லும் புதிய பாதை எதையும் அறிவிக்கும்முன், அப்பாதை கடக்கும் காட்டின் மீதான சமூக வன உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகள் வழியே பெற்று, கோட்ட, மாவட்டக் குழுக்கள் முடித்துக்கொடுக்க வேண்டும். கட்டணத்தில் வழிகாட்டியின் கூலி தனி, பாதைக்கான பங்கு தனி. பாதைக்கான பங்கு ஆள் எண்ணிக்கையோடு ஏறி இறங்காத ஆண்டுத் தொகையாகக் கிராம சபைக் கணக்கில் சேர வேண்டும். மாரா தந்த நல்ல பாடம் இந்த நிலையான வருவாய். அங்கு நேர்ந்த பிளவைத் தவிர்க்க அது பொதுக் கணக்காகவே இருக்க வேண்டும். பெண்களின் கையொப்பம் இல்லாமல் அக்கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கூடாது. தேக்கடியில் வசந்தசேனை என்ற பெயரில் பெண்கள் குழுவாகக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். கிழங்கும் மூலிகையும் அறிந்த பளியப் பெண்களை வழிகாட்டிப் பட்டியலில் சேர்க்காததற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டுக்குள்ளும் ஒரு பெரிய இடைவெளி உண்டு. பழனி மலையில் பளியருக்கு அருகிலேயே, அதே காட்டை நம்பி, அதே பாதையில் நடந்து வாழும் புலையர், சட்டப்படி பட்டியல் சாதியினர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி அவர்கள் நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். புலையர் அதே தேதிக்கு முந்திய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். எழுத்தில்லாத வாழ்க்கைக்கு முக்கால் நூற்றாண்டு ஆதாரம் எங்கிருந்து வரும்? சட்டத்தின் விதிகள் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன: முதியோரின் வாய்மொழிச் சாட்சியம் எழுத்தில் பதியப்பட்டால் அதுவும் சான்று, சுடுகாடு, பழைய கோயில், கிணறு போன்ற நிலத்து அடையாளங்களும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளை வைத்தால் கோரிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாட்சியங்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருகிறார்கள். ஆகவே பாதைகளை அளந்து பலகை நடும் பணிக்கு முன்னால், ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிப் பகுதிகளின் கிராம சபைகளில் அந்தப் பதிவைத் தொடங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை மலையேற்றக் கட்டணத்திலிருந்தே கொடுக்கலாம்.